செவி கற்ற பாடம்

எழுத்துகள் எங்கே பிறக்கின்றன என்பதை முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருபவன் நான். அடித்தொண்டையில் பிறப்பது எது, நாவின் நுனியில் பிறப்பது எது, இதழ்கள் இரண்டும் பொருந்தப் பிறப்பது எது என்று தஜ்வீத் பாடத்தில் நாள்தோறும் விளக்குவேன். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத், தம் அகராதியைத் தொண்டையில் பிறக்கும் 'ஐன்' எழுத்தில் தொடங்கி உதட்டை நோக்கி வரிசைப்படுத்தினார். நம் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்தார். இவ்விரண்டையும் ஒருசேர எடுத்துச் சொல்வதில் எனக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டு. ஆயினும், பிறந்த எழுத்து போய்ச் சேரும் இடமாகிய செவியைப் பற்றி நான் ஒருநாளும் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தது ஒரு ஹெட்போன்.

துபாயில் பணிபுரியும் என் இளைய மகன் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது, பெரிய ஹெட்போன் ஒன்றையும், கைக்கு அடக்கமான ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். விலையைக் கேட்டேன், கேட்டபின் சிறிது நேரம் பேச்செழவில்லை. அதன் இரு கிண்ணங்களின் வெளிப்புறமும் வெறும் கம்பி வலையாக இருந்தது. "மூடி போட மறந்துவிட்டார்களா?" என்றேன். "இது திறந்த வகை வாப்பா. காதை அடைக்காது. ஓசை நமக்கு முன்னால் உட்கார்ந்து ஓதுவதுபோல இருக்கும்" என்றான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் 1910-ல் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. இத்திறந்த வகையோ ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் வெளியிட்ட எச்.டி. 414 என்பதிலிருந்து தொடங்குகிறது. இவையெல்லாம் மகன் சொல்லித்தான் அறிந்தேன்.

புதியவன் செய்யும் முதல் தவற்றையே நானும் செய்தேன். பெட்டியை ஒதுக்கிவிட்டு, ஹெட்போனை நேரே கைப்பேசியில் செருகினேன். ஓசை நலிந்து கேட்டது. "இவ்வளவு விலைக்கு இதுதானா?" என்றேன். மகன் பொறுமையாக விளக்கினான். சாதாரண ஹெட்போனின் மின்தடை 32 ஓம் அளவில் இருக்கும். இதற்கு 300 ஓம். கைப்பேசி தரும் அதே மின்னழுத்தத்தில் இதற்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். அழுத்தத்தை உயர்த்தித் தருவதே ஆம்ப்ளிஃபயரின் வேலை. நான் அதை என் வழியில் புரிந்துகொண்டேன்: கீழ்த்தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், மாடிக்கு ஏற்ற மோட்டார் வேண்டும், ஆனால் மோட்டார் தண்ணீரின் சுவையை மாற்றிவிடக் கூடாது. தன்னுடையது என எதையும் சேர்க்காமல், வந்ததை வந்தபடியே உயர்த்தித் தருவதுதான் நல்ல ஆம்ப்ளிஃபயர்.

முதலில் கேட்டது எகிப்தின் ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் கிராஅத். 1961-ல் அவர்கள் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவுசெய்து தந்தது, ஓதற்கலையின் வரலாற்றில் ஒரு மைல்கல். மாணவனாக இருந்தபோது ஒலிநாடா தேயத் தேயக் கேட்டது. எனக்கு மனப்பாடமான குரல். ஆயினும், அன்று அக்குரலை முதன்முறையாகக் கேட்டவன்போல் உட்கார்ந்திருந்தேன். ஆயத்துக்கும் ஆயத்துக்கும் இடையே அவர்கள் மூச்செடுப்பது கேட்டது. 'குன்னா' மூக்கில் மெல்ல அடங்கும் கடைசி நுனி கேட்டது. என் கண்கள் கலங்கின.

பிறகுதான் ஒரு குறை தென்பட்டது. குரல் நடுவில் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கியே கேட்டது. "வலப்பக்கம் பழுதான சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று மகனிடம் சொன்னேன். அவன் வாங்கி மாட்டிப் பார்த்தான். முகம் சற்று மாறியது.

"வாப்பா, இது அந்தக் காலத்து ஒற்றைத்தடப் பதிவு. இரண்டு பக்கமும் ஒரே ஓசைதான் வரும். தலைக்கு நடுவில் கேட்கணும். கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்க."

வலக்கிண்ணம் இடக்காதுக்கு வரும்படி மாற்றி அணிந்தேன். பழுது கருவியில் இருந்திருந்தால், குரல் இப்போது வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடப்பக்கமே நின்றது. இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுவாரம் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். ஓசை புகாத சிற்றறையில் உட்காரவைத்தார்கள், அங்கும் ஹெட்போன்தான்! 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் ஓசையாக ஒலித்து, கேட்டபோதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் இரு கோடுகளும் கடைசியில் சரிந்தன. வலக்காதின் கோடு முன்னதாகவே சரிந்து ஆழத்தில் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் இவ்வாறு மிகுதியாகக் குறைந்தால் காரணம் தேடியே ஆகவேண்டும் என்று ஸ்கேனும் எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அஞ்சத்தக்கது எதுவும் இல்லை.

மருத்துவர் சொன்ன ஒரு விளக்கம்தான் என்னை உலுக்கியது. உயிரோசைகள் தாழ்ந்த அதிர்வில் வலுவாக ஒலிப்பவை; காற்றாகச் சீறும் எழுத்துகளோ உயர்ந்த அதிர்வில் மெலிதாக ஒலிப்பவை. வயதேறும்போது முதலில் மங்குவது அவ்வுயர்ந்த பகுதியே. எனவே, பேச்சுக் கேட்கும், எழுத்து பிரியாது. அப்படியானால் நாநுனி பல்லைத் தொடப் பிறக்கும் 'ஃதா'வும், பல்லிடையே சீறும் 'ஸீனு'ம் எனக்கு எவ்வளவு காலமாக ஒன்றாகக் கேட்டு வந்தன?

என் வகுப்பில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன். 'ஃதா'வை 'ஸீனா'க ஓதுகிறான் என்று இரண்டு மாதமாக அவனை ஒரே பாடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். பிள்ளைகள் முன்னிலையில் கடிந்தும் இருக்கிறேன். "வீட்ல சரியாத்தான் வருது ஹஸ்ரத், இங்க வந்தா தப்பாயிடுது" என்று ஒருமுறை அழுதான். அவன் தாயார் வீட்டில் ஓதியதைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பியபோதும், அதன் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, "இன்னும் திருந்தவில்லை" என்று சொல்லி அனுப்பினேன். அவன் வகுப்பில் உட்காரும் இடம் என் வலப்பக்கம்.

அன்றிரவு அதே பதிவை ஆம்ப்ளிஃபயர் வழியாக, இடக்காதை நம்பிக் கேட்டேன். 'ஃதா' ஒவ்வோரிடத்திலும் தெளிவாக இருந்தது. பிழையற்ற ஓதல். மூன்று முறை கேட்டேன். அதன்பின் உறக்கம் வரவில்லை.

மறுநாள் எந்தப் பிள்ளைகள் முன்னிலையில் கடிந்தேனோ, அவர்கள் முன்னிலையிலேயே அவனை அழைத்து, "நீ சரியாகத்தான் ஓதினாய், பிழை என் காதில் இருந்தது. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் என் முகத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப, அடுத்த பாடத்துக்குப் போலாமா ஹஸ்ரத்?" என்றான்.

இப்போது வலக்காதில் கேட்புக் கருவி இருக்கிறது. பிள்ளைகளை இடப்பக்கம் உட்காரவைத்தே பாடம் கேட்கிறேன். ஐயம் வந்தால் மறுபடி ஓதச் சொல்வதற்கு முன், என் பக்கம் நெருங்கி வரச் சொல்கிறேன்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல ஹெட்போன் வாங்குவோர் முதலில் செய்வது பொத்தானைத் திருகி ஓசையைக் கூட்டுவது, நானும் செய்தேன். 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபல் ஆனால் அதே வாரத்துக்கு 4 மணி நேரமே. இல்லத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். ஐம்பதைக் கடந்தோர், பிறர் வாயில் குறை காணுமுன் ஒருமுறை காதைச் சோதித்துக் கொள்ளுங்கள். அச்சிறுவன் இப்போது மூன்று பாடங்கள் கடந்துவிட்டான்.