ராயபுரத்தாரே, கொஞ்சம் சருகை விட்டுவையுங்கள்

ராயபுரம் என்றதும் கட்சிக்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா நினைவுக்கு வரும். 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். இன்று அறிஞர் அண்ணா பூங்கா. ரயில் பிரியர்கள் 1856-ஐச் சொல்வார்கள்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. மற்றவர்களுக்குக் காசிமேட்டு மீன், கல்மண்டபத்து நெரிசல், கன்டெய்னர் லாரி ஹாரன். பறவை பார்க்கிறவர்கள் கிண்டிக்கும் அடையாறுக்கும் போவார்களே தவிர, இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

ஆறுமணிக்குருவிக்கோ வடசென்னை, தென்சென்னை பேதம் தெரியாது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்துவிடும். பயணம் ராத்திரியில்தான். அக்டோபர் வாக்கில் சென்னையை எட்டும்போது சில பறவைகள் தெம்பெல்லாம் வற்றி, வீட்டுத் தோட்டத்திலும் வராந்தாவிலும் விழுந்து கிடக்கும். விடிந்தால் காக்கைகள் விடாது.

மைனாவைவிடச் சிறிய உடம்பு. வாலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி. விலங்கியல் வகைப்பாட்டில் இது பாடும் பறவைகளோடு சேர்த்தியில்லை. கேட்டவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

இந்த ஊரோடு அதற்குப் பழைய பழக்கம் உண்டு. ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரத்திலிருக்கும் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்ளி, சென்னைப் பறவைகளின் படங்களை லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவரின் குறிப்புகளோடு அவை 1713-ல் ஜான் ரேயின் பறவை நூலில் அச்சேறின. அந்தக் குறிப்புகளில் ஆறுமணிக்குருவியும் இருக்கிறது.

தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டி, அடியிலிருக்கும் புழு பூச்சியைத் தின்னும் பறவை இது. நாமோ பூங்கா என்றால் துடைத்துவிட்ட கூடம்போல் இருக்க வேண்டும் என்கிறோம். நடைபாதையைக் கூட்டட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? மரத்தடி மூலையில் நாலு கூடை சருகு கிடந்தால் என்ன குறைந்துவிடும்? பூங்கா, தேவாலய வளாகம், பழைய ஆஸ்பத்திரித் தோட்டம், எங்கே மரநிழலும் சருகும் சேர்ந்திருக்கிறதோ, அங்கே அக்டோபரில் கிளையைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள்.

துவண்டு கிடக்கும் குருவி கண்ணில் பட்டால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் காக்கை, பூனை அண்டாமல் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காயமிருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தெம்பு வந்ததும், காக்கைகள் அடைந்த பிறகு மரத்தடியில் விட்டுவிடலாம்.