கடுவன் பூனையும் நீரடைப்பும்

நாய்க்கு நோவு வந்தால் வீடு முழுவதும் அறியும். அது முனகும், காலடியில் வந்து கிடக்கும், வளர்த்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பூனையின் இயல்பு வேறு. நோவு கண்ட பூனை கட்டிலின் கீழோ அலுமாரியின் பின்னோ ஒதுங்கித் தன் துன்பத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். தனித்து வேட்டையாடி வாழ்ந்த முன்னோரின் பழக்கம் அது. பலவீனத்தை வெளிக்காட்டும் சிறு விலங்கு பெரிய விலங்குக்கு இரையாகிவிடும் அல்லவா? ஆதலால் பூனை வளர்ப்போர் அதன் முகத்தைப் பார்ப்பதிலும் அதன் மணற்றட்டைப் பார்ப்பதே பயன் தரும் என்று நாம் சொன்னால் நேயர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். மனிதரின் சலக்கடுப்பைப் பற்றிக் கூசாமற் பேசும் நாம், வாயில்லாச் சீவனின் சலக்கடுப்பைப் பற்றிப் பேசக் கூசுவானேன்?

பூனையின் உடல் நீரைச் சிக்கனமாகச் செலவிடுமாறு அமைந்தது. வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனையின் வழித்தோன்றல்களே இன்றைய வீட்டுப் பூனைகள் என்பதை 2007ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வொன்று உறுதிப்படுத்தியது. அந்தக் காட்டுப்பூனை தண்ணீரைத் தேடி அலைவதில்லை. அது தின்னும் எலியின் உடலில் நூற்றுக்கு எழுபது பங்கு நீர்தான். உண்ணும்போதே குடித்தும் முடிந்துவிடுகிறது. எஞ்சிய நீரையும் வீணாக்காமற் சிறுநீரகம் இறுக்கி வைத்துக்கொள்ளும். அதன் வாரிசு இன்று கடையில் வாங்கும் உலர் உணவைத் தின்கிறது. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கே நீர். பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தாலும், எலியில் கிடைத்த நீருக்கு ஈடாக அதைக் குடிக்கவேண்டும் என்ற எண்ணம் பூனைக்குத் தோன்றுவதில்லை. சிறுநீர் செறிந்து போகிறது. அதில் உப்புக்கள் மணிகளாகப் படிகின்றன.

எமது அன்னையார் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தைக்கு எம்முடன் இருக்க வந்தபோது, இரண்டு பெட்டிகளும் ஒரு கடுவன் பூனையும் அவருடன் வந்தன. வால் அடர்ந்திருந்தபடியால் அதற்குச் சடையன் என்று பெயர். வளவெல்லாம் திரிந்து, கிணற்றடித் தொட்டியில் நீர் குடித்து, மதில்மேல் வெயில் காய்ந்த பூனை, மூன்றாம் மாடியில் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டது. அன்னையாரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அயலில் பேச ஆளில்லை. நாம் வேலைக்குப் போனபின் அவர் காலைதொட்டு மாலைவரை பேசியது சடையனோடுதான். யாழ்ப்பாணத்துச் செய்திகளை அதற்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அதுவும் காதை அசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை சடையன் அடிக்கடி மணற்றட்டுக்குப் போய் வந்தது. குந்தி, முதுகை வளைத்து, நெடுநேரம் முக்கியது. பிறகு குளியலறையின் குளிர்ந்த தரையிற் போய்க் குந்தியது. அங்கும் ஒன்றுமில்லை. பின்புறத்தை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தது. “பிள்ளை, இதுக்கு வயிறு இறுகிப்போச்சு, கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் பருக்கினால் சரிவரும்” என்றார் அன்னையார். எவரும் அவ்வாறே எண்ணுவர். முக்கும் பூனையைக் கண்டால் மலச்சிக்கல் என்றே மனம் போகும். ஆனால் மணற்றட்டைத் துப்புரவு செய்யும் கடமை எமது பங்கு. காலையில் அதில் மலம் இருந்தது. சிறுநீர்க் கட்டி ஒன்றேனும் இல்லை. மாலையிலும் மணல் காய்ந்தே கிடந்தது. எண்ணெய்ப் போத்தலை அப்படியே வைத்துவிட்டு, சடையனைக் கூடையில் வைத்து மூடி, முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம்.

அவர் கேட்ட முதற் கேள்வி, “கடைசியாகச் சலம் போனது எப்போது?” என்பதே. பூனை வளர்க்கும் எவரும் எந்நேரமும் விடை சொல்லக்கூடியதாக இருக்கவேண்டிய கேள்வி அது. பிறகு அவர் சடையனின் அடிவயிற்றை இரு விரல்களால் மெல்லத் தொட்டார். வழமையாகத் தேசிக்காய் அளவில் மிருதுவாக இருக்கவேண்டிய சலப்பை, தோடம்பழம்போற் பருத்துக் கல்லாக இறுகியிருந்தது. தொட்டதும் சடையன் எழுப்பிய ஓலத்தை அதற்கு முன்னர் நாம் கேட்டதில்லை.

பெட்டைப் பூனைக்கும் சலக்கடுப்பு வரும், இரத்தமும் போகும். ஆயினும் அதன் நீர்க்குழாய் குறுகியதும் அகன்றதுமாகையால் அடைபடுவது அரிது. கடுவனின் குழாயோ நீண்டு, நுனியில் மிக ஒடுங்கியிருக்கும். சளிபோன்ற கசிவும் உப்பு மணிகளும் சேர்ந்து ஒரு தக்கையாகி அங்கே சிக்கிக்கொண்டால் வழி முற்றாக மூடிவிடும். வெளியேற வேண்டிய நஞ்சு இரத்தத்தில் தேங்கும். அவற்றுள் மிகக் கொடியது பொற்றாசியம். அது ஏற ஏற இதயத்தின் துடிப்புத் தளர்ந்து, ஈற்றில் நின்றுவிடும். முற்றாக அடைபட்ட பூனை ஓரிரு நாட்களுக்குமேல் தாங்காது. வாந்தி, உணவில் வெறுப்பு, சோர்ந்து கிடத்தல் ஆகியன தோன்றிவிட்டால் நேரம் பெரிதும் கடந்துவிட்டது என்பது பொருள். ‘காலையில் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கு இந்நோயில் இடமில்லை.

சடையனை மயக்கி, மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, உப்புநீரால் அடைப்பைக் கழுவி அகற்றினார்கள். இரண்டு நாட்கள் குழாயை உள்ளேயே விட்டு, நாளத்தின் வழியாக நீர் ஏற்றி, இரத்தத்தைச் சோதித்தார்கள். அடைப்பு நீங்கியதும் ஆபத்து அகன்றது என்று நாம் எண்ணியிருந்தோம். அடைப்பு நீங்கிய பூனை அளவுக்கு மிஞ்சிச் சிறுநீர் கழித்து உடல் வற்றிப்போகக்கூடும் என்பதையும், சில நாட்களுக்குள் மீண்டும் அடைப்பதும் உண்டு என்பதையும் அங்கேதான் அறிந்தோம். செலவு சிறிதன்று. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வரவென்று சேர்த்து வைத்திருந்த காசை அன்னையார் உறையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாம் மறுத்தும் அவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

இந்நோயின் காரணத்தைப் பற்றி வைத்திய உலகமே பலமுறை தன் கருத்தை மாற்றியிருக்கிறது. ஒரு காலத்தில் உணவிலுள்ள சாம்பலே காரணம் என்றனர். (அடுப்புச் சாம்பலன்று, உணவை எரித்தால் எஞ்சும் கனிப்பொருட்களையே அவ்வாறு அழைப்பர்.) 1980களில் மகனீசியத்தின்மேற் பழி விழுந்தது. உணவு செய்யும் கம்பனிகள் மகனீசியத்தைக் குறைத்து, சிறுநீரில் அமிலத்தன்மை ஏறும்படி உணவை மாற்றின. அதனால் ஸ்ருவைற் எனும் மகனீசியக் கற்கள் குறைந்தன. ஆனால் கல்சியம் ஒட்சலேற்றுக் கற்கள் பெருகின. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்லாய்வு நிலையத்துக்கு வந்து குவிந்த கற்களே இதற்குச் சாட்சி. ஸ்ருவைற் கல்லைத் தக்க உணவினாற் சில வாரங்களிற் கரைத்துவிடலாம். ஒட்சலேற்றுக் கல்லோ உணவினாற் கரையாது.

இவ்வளவும் சொன்னபின் வியப்பான செய்தியொன்று. சலக்கடுப்போடு வரும் இளம் பூனைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் கல்லுமில்லை, கிருமியுமில்லை. கிருமித் தொற்றுப் பெரும்பாலும் பத்து வயதைக் கடந்த பூனைகளிலேயே காணப்படுகிறது. எனவே எடுத்த எடுப்பில் நுண்ணுயிர்க்கொல்லி கேட்பதில் பொருளில்லை. அவ்வாறாயின் சலப்பை புண்படுவது எதனால்? ஒகையோ அரசுப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியப் பேராசிரியர் டோனி பபிங்டன் நெடுங்காலம் இதனை ஆராய்ந்தார். அவரும் உடனாய்வாளரும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உணவு நேரமும் பராமரிப்பவரும் மாறியதும், நோயுள்ள பூனைகள் மட்டுமன்றி நலமாயிருந்த பூனைகளும் வாந்தியெடுத்தன, உணவை ஒதுக்கின, தட்டுக்கு வெளியே அசுத்தம் செய்தன. மனக்கலக்கம் பூனையின் உடலைத் தாக்கும் இடங்களில் சலப்பையும் ஒன்று. வைத்தியர் இதை விளக்கியபோது, “ஊரை விட்டு வந்தது அதுக்கும் தாங்கேல்லைப் போல” என்று மட்டும் அன்னையார் சொன்னார்.

அடைப்பில்லாத சலக்கடுப்பு, பெரும்பாலான பூனைகளில் ஒரு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். பார்லித் தண்ணீருக்கும் நெருஞ்சிக் கசாயத்துக்கும் கிடைத்துள்ள நற்பெயரின் இரகசியம் இதுவாகலாம் என்பது எமது எண்ணம். எதைக் கொடுத்தாலும் ஏழாம் நாள் சுகம். கொடுத்த பொருளுக்குப் புகழ். அதே நம்பிக்கையில் அடைபட்ட கடுவனுக்குக் கசாயம் பருக்கிக் காத்திருந்தால், உயிர் போய்விடும். மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நோவுக்கென்று பனடோல் குளிசையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. மனிதரின் ஈரல் அம்மருந்தை முறித்து வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் இல்லை. ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

வீடு திரும்பியபின் செய்தவை எளியனவே. உலர் உணவைக் குறைத்து, பேணியில் அடைத்துவரும் ஈர உணவை வைத்தியர் சொன்ன அளவிற் கொடுத்தோம். அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்குமேல் நீர். அதன்மேல் மீன் அவித்த தண்ணீரைச் சிறிது ஊற்றுவோம். அத்தண்ணீரில் வெங்காயமும் உள்ளியும் சேரலாகாது. இரண்டும் பூனைக்கு நஞ்சு. மீன் மட்டுமே பூனைக்கு முழு உணவாகிவிடாது என்பதையும் நம்மவர் நினைவிற் கொள்ள வேண்டும். நான்கு கிலோ நிறையுள்ள பூனைக்கு, உணவில் உள்ளதும் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் நீர் வேண்டும். மணற்றட்டுக்கள் இரண்டை வெவ்வேறிடத்தில் வைத்தோம். பூனைகளின் தொகையிலும் ஒன்று கூடுதலாகத் தட்டுக்கள் இருப்பது நன்று. யன்னலோரம் உயர்ந்த பலகையொன்று அடித்தோம். அங்கிருந்து சடையன் காலி வீதியின் காகங்களைக் கண்காணிக்கும்.

எட்டு மாதங்களின் பின் அடுத்த வீட்டில் சுவர் இடித்தார்கள். மூன்று நாள் ஓயாத சத்தம். நான்காம் நாள் தட்டில் இரத்தச் சாயலோடு சிறு துளிகள். இம்முறை அடைப்பில்லை, வைத்தியர் நோவு தணிக்கும் மருந்து மட்டும் கொடுத்தனுப்பினார். திரும்பத் திரும்ப அடைத்தால் குழாயின் ஒடுங்கிய நுனியை அகற்றி வழியை அகலமாக்கும் சத்திரசிகிச்சை உண்டு என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் தேவை நேரவில்லை.

அன்னையார் குசினியில் தொங்கும் கலண்டரில் நாள்தோறும் கோடு கீறிவருகிறார். மணலில் ஒரு கட்டிக்கு ஒரு கோடு. நாளுக்கு இரண்டு முதல் நான்குவரை இருந்தால் சமாதானம். குறைந்தாலோ கூடினாலோ வேலைத்தலத்துக்கே தொலைபேசி வரும். சடையனுக்கென்று மூன்று கிண்ணங்களில் தண்ணீர் வைத்திருக்கிறோம். அது குடிப்பது அன்னையார் தாம் குடிக்கவென்று கட்டிலருகே வைத்திருந்த செம்பிலிருந்துதான். அன்னையாருக்கு வேறு செம்பு வாங்கிக் கொடுத்தோம்.