வானத்தின் வருகைப் பதிவேடு

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் காலத்தில், சேலம், நாமக்கல் சமவெளிக்கு விருந்தினர் சிலர் வந்து சேர்கின்றனர். சோளமும் நிலக்கடலையும் விளையும் புன்செய் நிலங்களின்மேல், நீண்ட சிறகுகளைச் சற்றே உயர்த்தியவாறு, தரையை ஒட்டித் தாழப் பறந்துவரும் பூனைப்பருந்துகளே அவ்விருந்தினர். நடு ஆசியாவின் பரந்த புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் இவை, அங்கே பனிக்காலம் நெருங்கும்போது தெற்கு நோக்கி வலசை வருகின்றன. வெட்டுக்கிளிகளையும் எலிகளையும் உண்டு உழவருக்குக் கூலி கேளாத காவலராய் விளங்குகின்றன. இவற்றின் உறவினமான சேற்றுப் பூனைப்பருந்து, ஏரிக்கோரைகளின்மேல் வட்டமிடுகிறது.

வலசை என்பது தமிழர் அறியாத செய்தியன்று. நாரை தெற்கே வந்து பருவம் மாறியதும் வடக்கே திரும்பும் என்பதைச் சத்திமுத்தப் புலவர் அறிந்திருந்தார். அதனாலன்றோ, தம் மனைவிக்குச் செய்தி சொல்ல அதனைத் தூது விடுத்தார்! ஆயினும், வருகின்றன என்று அறிவது ஒன்று. எத்தனை வருகின்றன என்று அறிவது மற்றொன்று.

பருந்தினத்தை எண்ணுவதற்கு அவற்றின் பயண முறையை முதலில் அறிதல் வேண்டும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து காற்று மேலெழும். அகன்ற சிறகுடைய பருந்துகள் அக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின்னர்ச் சிறகசைக்காமல் நெடுந்தொலைவு சறுக்கிச் சென்று, அடுத்த காற்றெழுச்சியை அடையும். பரந்த கடலின்மேல் இவ்வுதவி எளிதில் கிட்டாது. எனவே அவற்றுள் பல, மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலவழிகளில் திரள்கின்றன. ஜார்ஜியா நாட்டில், காகசஸ் மலைக்கும் கருங்கடலுக்கும் இடையில் உள்ள பதூமி அத்தகைய வாயில். 2008ஆம் ஆண்டுமுதல் அங்கு நடைபெற்றுவரும் கணக்கெடுப்பில், ஒரே இலையுதிர்காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிப் பறவைகள் கடந்து செல்வது பதிவாகியுள்ளது. சேலம், நாமக்கல் சமவெளியில் அத்தகைய வாயில் இல்லை. இங்கே பறவைகள் ஒன்றும் இரண்டுமாகப் பரவி வருகின்றன. ஆதலால் இங்கு எண்ணுவோர்க்கு மிகுந்த பொறுமை வேண்டும். பல கண்களும் வேண்டும்.

எண்ணுவதால் விளையும் பயன் யாது? மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட அதே 1934ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலை காக்கப்பட்டது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வேட்டைக்காரர்கள் அம்மலைமீது நின்று, கடந்து செல்லும் பருந்துகளைச் சுட்டு வீழ்த்தி வந்தனர். ரோசலி எட்ஜ் என்னும் பெண்மணி அவ்விடத்தைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையை நிறுத்தினார். காவலராக அமர்த்தப்பட்ட மாரிஸ் புரூன், துப்பாக்கிகள் ஓய்ந்த இடத்தில் அமர்ந்து பறவைகளை எண்ணத் தொடங்கினார்.

டி.டி.டி. பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் என்பதை உலகம் அறியாத காலம் அது. 1935 முதல் 1939 வரை அங்குக் காணப்பட்ட கழுகுகளில் 40 விழுக்காடு இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரையிலான ஆண்டுகளில் அது 20 விழுக்காடாகச் சரிந்தது. முதிர்ந்த கழுகுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றின் குஞ்சுகள் வரவில்லை. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் இக்கணக்கைச் சான்றாக வைத்தார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யின் பயன்பாட்டைத் தடைசெய்தது. வினா எழுவதற்கு முன்பே அதற்கான விடை ஏட்டில் எழுதப்பட்டிருந்தது.

இந்தியாவிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு, ஒருகாலத்தில் எங்கும் காணப்பட்டது. 1990களின் தொடக்கத்தில், இரைகொல்லிப் பறவைகள் அனைத்தையும் சாலை வழியே சென்று எண்ணிய ஒரு பொதுக் கணக்கெடுப்பில் பாறுகளும் இடம்பெற்றன. பிற்காலத்தில் அதே வழிகளில் மீண்டும் எண்ணியபோது பேரழிவு புலப்பட்டது. 1992இல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றே எஞ்சியது என்னும் அளவுக்கு வீழ்ச்சி அது. கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்பது உறுதியானபின், 2006இல் இந்திய அரசு அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தது. ‘எங்கும் உள்ள பறவைதானே’ என்று அன்று பாறுகளை எண்ணாது விட்டிருந்தால், இழப்பின் அளவை உரைக்கச் சான்று ஏது?

தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டுமுதல் பொங்கல் நாள்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பறவைகளை நோக்கி, கண்டவற்றின் பெயரையும் எண்ணிக்கையையும் இணையத்தில் பதிவிட வேண்டும். ஏரிக்கரையும் பள்ளி வளாகமும் வீட்டு முற்றமும் இதற்குப் போதும். அரிய பறவையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. காக்கையையும் மைனாவையும் விடாமல் எழுதுதலே முறை. வலசை வந்த பூனைப்பருந்துகள் அப்போதும் இம்மண்ணில்தான் இருக்கும்.

வகுப்பறை வருகைப் பதிவேட்டின் சிறப்பு, வந்தவரைக் குறிப்பதில் மட்டும் இல்லை. வராதவரைக் குறிப்பதிலும் இருக்கிறது. ஆசிரியர் நாள்தோறும் பெயர் அழைப்பதனால்தான் ஒரு குழந்தை வாராமை உடனே தெரிகிறது. புன்செய் நிலங்கள் மனைகளாக மாறுகின்றன. பூச்சிக்கொல்லி வெட்டுக்கிளிகளை அழிக்கும்போது, அவற்றை உண்ணும் பருந்தின் உணவும் அழிகிறது. இம்மாற்றங்கள் பூனைப்பருந்துகளை எவ்வளவு பாதிக்கின்றன என்பதை ஓராண்டுக் கணக்கு உரைக்காது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் தொடரும் கணக்கே உரைக்கும். ஒரு மாலை முழுதும் வானத்தை நோக்கியிருந்து, ‘பூனைப்பருந்து: இல்லை’ என ஒரு மாணவர் எழுதும் வரியும் வீண்வரி அன்று, அடுத்த தலைமுறை தேடிவந்து படிக்கப்போகும் வரி அது.