ஒரு எட்டு போய்ப் பாருங்கள்

1998-ல் நான் பி.காம். சேர்ந்த கல்லூரியை முதன்முதலாகப் பார்த்தது, டிரங்குப் பெட்டியோடு அதன் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்குத்தான். அப்பாவின் ஆபீஸ் நண்பர் ‘நல்ல காலேஜ்’ என்றார். அப்ளிகேஷன் போட்டோம். சீட் கிடைத்தது. அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி. போன பிறகுதான் தெரிந்தது, அங்கே லைப்ரரி என்பது ஆறு கண்ணாடி பீரோக்கள். சாவி ஒருவரிடம். அவர் எப்போதும் லீவில். மூன்று வருடம் கண்ணாடி வழியாகவே புத்தகங்களின் முதுகைப் படித்துப் பட்டம் வாங்கியவன் நான்.

போன வருடம் அக்கா மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்ததும், “சேரப் போற காலேஜை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்” என்றேன். “இப்பெல்லாம் போன்லயே முடிஞ்சிடுது மாப்ள. எதுக்கு அலையணும்?” என்றார் மச்சான்.

உண்மைதான். 2018-ல் ஆன்லைனுக்கு மாறும் வரை, இன்ஜினீயரிங் கவுன்சலிங் என்றால் பிள்ளையை அழைத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேற வேண்டும். இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே கல்லூரிகளை வரிசைப்படுத்திவிடலாம். அலைச்சல் மிச்சம். ஆனால், கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், பிள்ளை நாலு வருடம் இருக்கப் போகிற இடத்தை பிரவுஷர் போட்டோவில் பார்த்து முடிவு செய்கிறோம்.

ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் கிளம்பினோம். ரிசல்ட் வந்துவிட்டால் பதற்றம்தான் வரும், நிதானம் வராது. மூன்று கல்லூரி, இரண்டு நாள். வகுப்பு நடக்கிற நாளாகப் பார்த்துக்கொண்டோம். ஒரு கல்லூரியில் கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று, அவள் போய்வரப் போகிற அதே பஸ்ஸில் போனோம்.

நீங்களும் போவதாக இருந்தால், சில விஷயங்களைக் கவனியுங்கள். ஏ.சி. ஹாலைக் காட்டினால் பார்த்துவிட்டு, லேபுக்குப் போங்கள். மெஷின் மேல் இன்னும் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தால் யோசியுங்கள். லைப்ரரியில் ஒரு புத்தகத்தை எடுத்து, பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் கடைசியாக எந்தத் தேதி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நாக் என்பது முழுக் கல்லூரிக்கும் தரும் சான்று. என்.பி.ஏ. என்பது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. ‘எங்ககிட்ட என்.பி.ஏ. இருக்கு’ என்றால், ‘எந்தப் பிரிவுக்கு, எந்த வருஷம் வரைக்கும்?’ என்று கேளுங்கள். ‘கேம்பஸ்ல வேலை’ என்றால், அதே பிரிவில் எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் என்று கேளுங்கள். தயங்காதீர்கள், காசு கட்டப் போகிறவர் நீங்கள்.

எல்லாம் கேட்டுவிட்ட திருப்தியில், முதல் கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். மச்சானுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “இங்கேயே போட்டுடலாம் மாப்ள. ஊருக்கும் பக்கம்.” காலையிலிருந்து வாயே திறக்காத பெண், திடீரென்று எழுந்து போய், பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு மாணவிகளிடம் பேச ஆரம்பித்தாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள்.

“மாமா, லைப்ரரி ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருக்காம். ஆனா, ஹாஸ்டல் பொண்ணுங்க ஆறு மணிக்குள்ள ரூமுக்குப் போயிடணுமாம். பசங்களுக்கு அப்படி இல்லையாம்.”

“நல்லதுதானே, கட்டுப்பாடான காலேஜ்” என்றார் மச்சான்.

“படிக்கிறதுக்கு எதுக்குப்பா கட்டுப்பாடு?”

எனக்கு அந்த ஆறு பீரோக்களும் ஞாபகம் வந்தன. அவ்வளவு கேள்வி கேட்ட எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். அங்கே இருக்கப் போகிறவளுக்குத்தான் தோன்றியது. அதனால்தான் சொல்கிறேன், போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது கேட்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மகளைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் அடுத்த கல்லூரியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்: “அங்க போக எந்த பஸ்ஸுங்க?”