ஆளுக்கொரு எண்

சுற்றுச்சுவர் கேட்டுக்கு, கீபேடில் எண் அழுத்தித் திறக்கும் மின்சார லாட்ச் போடலாம் என்று வீட்டில் யாராவது வாயெடுத்தால், எந்தக் கம்பெனி, என்ன விலை என்றுதான் பேச்சு தொடங்கும். என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு. கரன்ட் போனால் அது திறந்துகொள்ளுமா, பூட்டியே இருக்குமா?

அலுவலகக் கண்ணாடிக் கதவுகளின் தலைமாட்டில் கனமான ஒரு உலோகப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடுகிற வரைக்கும் கதவைப் பிடித்திருக்கும், நின்றதும் விட்டுவிடும். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க வேண்டும் என்பதற்காக அப்படி. நிறையப் பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் கட்டடத்துக்கு அதுதான் சரி. பராமரிப்புப் பணி என்று ஒரு பகல் முழுக்க மின்தடை அறிவிக்கும் ஊரில், வீட்டு கேட்டுக்கு அது உதவாது. வீட்டுக்கு ஏற்றது மற்ற வகை. அதற்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். 12 வோல்ட் ஒரு நொடி பாய்ந்தால் உள்ளிருக்கும் கொக்கி விலகி, பூட்டின் நாக்கு பின்வாங்கும். மற்ற நேரமெல்லாம் மின்சாரமே வேண்டாம். நம் கடைகளில் இரும்பு கேட்டுக்கென்று கிடைக்கும் இந்தப் பூட்டுகள் பலவற்றில் வெளிப்பக்கம் சாவித் துவாரமும் உள்பக்கம் கையால் அழுத்தும் பொத்தானும் சேர்ந்தே வருகின்றன. அப்படிப்பட்டதைத்தான் வாங்க வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியே போவதற்கு எண்ணும் தேவைப்படக் கூடாது, மின்சாரமும் தேவைப்படக் கூடாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், நடுராத்திரியில் ஆம்புலன்ஸை வரச் சொல்லிவிட்டு, கேட்டைத் திறக்க ஒருவர் போனைத் துழாவிக்கொண்டிருக்கும் நிலைமையை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

லாட்ச் ஒழுங்காக வேலை செய்வது பாதிக்கு மேல் கீலின் கையில் இருக்கிறது. இரும்பு கேட்டின் கனத்தில் கீல் தேயத் தேய, கேட் மெல்லத் தொங்கும். கையால் போடும் கொண்டிக்கு அது ஒரு குறையே இல்லை. பழகின கை தன்னையறியாமல் கேட்டைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு கொண்டியைப் போடும். கம்பிச்சுருளுக்கு அந்தப் பழக்கம் வராது. நாக்கு பட்டையில் அழுந்திக் கிடந்தால், டக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதனால் எங்கள் வீட்டில் முதல் செலவு வெல்டிங் பட்டறைக்காரருக்குப் போனது. அவர் கீலை மாற்றினார், கேட்டின் கனம் தாங்க அடியில் ஒரு சக்கரம் வைத்தார், நாக்கு விழும் துளையை ராவி அகலப்படுத்தினார். கேட்டை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இப்ப மாட்டுங்க உங்க மிஷினை" என்றார். எலக்ட்ரானிக்ஸ் படித்த பிள்ளைகள் பலர் இந்த வேலையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இது சரியாக இல்லாவிட்டால் அதற்கு மேல் செய்யும் எந்த வேலையும் நிற்காது.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்டுக்கும் வீட்டுக்கும் இருபது மீட்டர் இருந்தால், மின்சாரம் போகவும் வரவுமாக நாற்பது மீட்டர் ஓட வேண்டும். இன்டர்நெட் கேபிளில் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய மூன்றரை ஓம் தடை. ஒரு ஆம்பியர் இழுக்கும் சுருளுக்கு அந்த வழியாக 12 வோல்ட் அனுப்பினால், அதில் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் கம்பியே தின்றுவிடும். மிச்சம் வருவதில் லாட்ச் ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் திறக்காது. மேஜையில் வைத்து இயக்கினால் ஒழுங்காகத் திறக்கும், ஆகவே பழி லாட்சின் மேல் விழும். கேபிளை கீபேடுக்கு வைத்துக்கொண்டு, லாட்சுக்குத் தடித்த கம்பியைத் தனியாக இழுப்பதே நல்லது. சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டையோடும் போட்டுவிட வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்கும் கணத்தில் சுருள் ஒரு உதை உதைக்கும். லாட்சுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே அந்த உதையை நெடுநாள் தாங்காது. டையோடு சில ரூபாய்தான்.

இனி கீபேட். மலிவான கீபேட்களில் எண்ணைச் சரிபார்ப்பதும் லாட்சை இயக்குவதும் அந்த ஒரே பெட்டிக்குள் நடக்கின்றன. அந்தப் பெட்டியோ சுவருக்கு வெளியே, தெருவைப் பார்த்து இருக்கிறது. பெட்டியைக் கழற்றத் தெரிந்தவனுக்கு எண் எதற்கு? முடிவெடுக்கும் இடம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு பழைய முறை இருக்கிறது, பெயர் வீகண்ட். ஜான் வீகண்ட் என்பவர் கண்டறிந்த ஒரு தனிவகைக் காந்தக் கம்பியை அட்டைகளுக்குள் பதித்து அடையாள அட்டை செய்தார்கள். அந்த அட்டைகள் வழக்கொழிந்துவிட்டன. அவற்றைப் படிக்கும் கருவிக்காக வந்த கம்பி இணைப்பு முறை மட்டும் நிலைத்துவிட்டது. பூஜ்ஜியத்துக்கு ஒரு கம்பி, ஒன்றுக்கு ஒரு கம்பி. நாம் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் சில துடிப்புகளாக மாறி இந்த இரண்டு கம்பி வழியே உள்ளே போகிறது. எந்த எண் சரி, எது தவறு என்பது கீபேடுக்குத் தெரியவே தெரியாது. வாசலில் நின்று பெயர் சொல்லும் விருந்தாளியைப் போல அது எண்ணைச் சொல்லும். திறப்பதா இல்லையா என்பது உள்ளே இருப்பவர் பாடு. அந்தக் கம்பியை ஒட்டுக்கேட்க முடியும் என்பதும் உண்மைதான். அதனால் பெட்டியைக் கழற்றினால் உடனே தகவல் தரும் சுவிட்ச் உள்ள கீபேடாகப் பார்த்து வாங்குவது நல்லது.

எத்தனை இலக்கம் வைப்பது? நான்கு இலக்கம் நம் கையில் ஊறிப்போயிருக்கிறது. 1967இல் லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி நிறுவிய பணம் தரும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தவர் ஜான் ஷெப்பர்டு பேரன். நம்முடைய ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்க நினைத்ததாகவும், நான்குதான் தனக்கு நினைவில் நிற்கும் என்று மனைவி கரோலின் சொன்னதால் நான்காக்கியதாகவும் அவர் பின்னாளில் சொன்னார். பணம் எடுக்க அட்டையும் வேண்டும், எண்ணும் வேண்டும் என்பதால் அங்கே நான்கு போதும். கேட்டில் அட்டை கிடையாது, எண் மட்டும்தான். அதிலும் வீட்டுக்கு ஒரே எண் வைத்தால், சில வருஷத்தில் நான்கு பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளக்கும். பத்தாயிரம் வாய்ப்பு அப்போது இருபத்து நான்காகச் சுருங்கிவிடும். ஆளுக்கொரு எண் கொடுத்தால் எல்லாப் பொத்தானும் தேயும், தேய்மானத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எண்கள் கூடக் கூட, குருட்டாம்போக்கில் ஒன்று பொருந்திவிடும் வாய்ப்பும் கூடும். ஆறு இலக்கம் வைத்து, சில தடவை தப்பாக அழுத்தினால் கொஞ்ச நேரம் கீபேட் எதையும் ஏற்காதபடி செய்துவிட்டால் இரண்டுக்கும் வழி பிறக்கும்.

ஆறு இலக்கத்தை அம்மா எப்படி நினைவில் வைப்பார் என்ற கேள்வி வந்தது. அம்மா எண்ணை நினைவில் வைக்கவில்லை, விரல் போகும் வழியை வைத்திருக்கிறார். மேலே தொடங்கி, ஓரமாக இறங்கி, நடுவில் ஒன்று. பல வருஷம் போனில் பொத்தான் அழுத்திய விரல் அது. சுழற்றும் டயலுக்குப் பதிலாகப் பொத்தான் வைப்பதென்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் முடிவு செய்தபோது, எண்களை எப்படியெல்லாம் அடுக்கலாம் என்று ஆட்களைக் கொண்டே சோதித்தார்கள். டெய்னிங்கர் என்ற ஆய்வாளர் 1960இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். 1963இல் பொத்தான் போன் மக்கள் கைக்கு வந்தது. மேல் வரிசையில் 1, 2, 3 வரும் அந்த அடுக்குதான் இன்றைக்கு எங்கள் கேட்டிலும் இருக்கிறது. கால்குலேட்டர் மாதிரி 7, 8, 9 மேலே உள்ள கீபேட் மாட்டியிருந்தால் அம்மாவின் விரல் தடுமாறியிருக்கும். 5இன் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்கினோம். கண்புரை உள்ளவருக்கு இருட்டில் அதுதான் வழிகாட்டி.

வீட்டுக்குள் ஒரு சின்னச் சில்லு, ஈஎஸ்பி32, எண்ணைச் சரிபார்த்து ரிலேயை இயக்குகிறது. அது ஹோம் அசிஸ்டென்டுக்கும் தகவல் சொல்லும். பாலஸ் ஸ்கௌட்சன் 2013இல் தொடங்கிய இந்த மென்பொருள் இலவசம். வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் ஓடும், வெளியூர் சர்வர் எதையும் நம்பியிராது. அப்படியிருந்தும் கேட்டைத் திறக்கும் முடிவைச் சில்லோடு நிறுத்திவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். வைஃபை போகலாம், கணினி நின்று போகலாம். சில்லுக்கும் லாட்சுக்கும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருந்தால் கேட் திறக்கும். ஹோம் அசிஸ்டென்ட் மற்ற வேலைகளைப் பார்க்கட்டும்: இருட்டிய பிறகு யாராவது வந்தால் போர்டிகோ விளக்கைப் போடுவது, கேட் திறந்தே கிடந்தால் சொல்வது. இரண்டாவது முக்கியமானது. இவ்வகைப் பூட்டுகள் பலவற்றில் மின்சாரம் பட்டதும் கொக்கி விலகிவிடும். கேட்டைத் திறந்து மறுபடி சாத்தினால்தான் திரும்ப மாட்டும். ஒருவர் எண்ணை அழுத்திவிட்டு, ஏதோ நினைவில் கேட்டைத் தள்ளாமல் போய்விட்டால், சாத்தியதுபோல் தெரியும், ஆனால் பூட்டியிருக்காது. கேட்டில் ஒரு காந்த சென்சார் வைத்தால், எண் அழுத்தியும் கேட் அசையவில்லை என்பது தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கடையில் கிடைக்கும் அறிவு. இந்தக் கீபேடை நான் விரும்பியதற்குக் காரணம் வேறு. எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்கா, பல வருஷமாக விடியற்காலையில் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். உள்ளே ஒருவர் எழுந்து, சாவியை எடுத்து, செருப்பைத் தேடிக்கொண்டு வரும்வரை நிற்க வேண்டும். எங்கள் சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கையால் சமைத்ததைச் சாப்பிடுகிறோம். சாவி மட்டும் அவரிடம் கொடுத்ததில்லை. இப்படித்தான் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. சாவி என்றால் தொலையும், நகல் எடுக்கலாம், வேலையை விட்டுப் போகும்போது திரும்ப வாங்க வேண்டும். அப்படி வாங்கும் நேரம் இரண்டு பக்கமும் மனத்தாங்கல். எண்ணில் இந்தச் சங்கடங்கள் இல்லை. எந்த எண் வேண்டும் என்று அவரைத்தான் கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "நானே தொறந்துட்டு வரலாமா தம்பி?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் மற்றொன்று என்னைத் தைத்தது. ஆளுக்கொரு எண் என்றால், யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பதும் தானாகவே பதிவாகும். ஹோம் அசிஸ்டென்ட், நாம் எதுவும் சொல்லாவிட்டால், பத்து நாள் விவரத்தை வைத்திருக்கும். விரும்பினால் எத்தனை நாளும் வைத்திருக்கலாம். அக்கா ஆறரைக்கு வர வேண்டியவர், எந்த நாள் ஆறே முக்காலுக்கு வந்தார் என்று திரையில் பார்க்கலாம். மாசக் கடைசியில் அதைச் சம்பளத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இதைவிடக் கீழ்த்தரமான காரியம் எனக்குத் தெரிந்து குறைவு. அவர் கேட்டில் நின்ற காலத்தில், எழுந்து வரத் தாமதித்தது நாம். அந்த நிமிஷங்களை யாரும் எழுதி வைக்கவில்லை. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே வராது. ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. ஆக, கேட் வைத்திருப்பவரின் மனசைத் தவிர வேறு காவல் கிடையாது.

குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் எண் செல்லும்படியும் செய்யலாம். பெயின்ட் அடிக்க வருபவருக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு எண் கொடுப்பது நியாயமே. வேலை முடிந்தது, எண்ணும் முடிந்தது, அவருக்கும் அதில் மனக்குறை இருக்காது. தினம் வருபவருக்கு நேரக் கட்டுப்பாடு போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தோசைமாவு பாத்திரத்தை எடுத்துப் போக மறந்துவிட்டு மாலையில் திரும்பி வருகிறவரைச் சிவப்பு விளக்கு காட்டி நிறுத்துவதா? தெருமுனையில் நாய் துரத்தினால் சட்டென்று உள்ளே வர அவருக்கு ஒரு இடம் வேண்டாமா?

வீட்டில் இதைப் பேசினோம். என் தம்பிக்கு முழுச் சம்மதம் இல்லை. ஏதாவது களவு போனால் யார் வந்தார் என்று பார்க்க வேண்டாமா என்றான். கேட் திறந்தது, சாத்தியது, தப்பான எண் அழுத்தப்பட்டது ஆகியவை பதிவாகட்டும், யாருடைய எண் என்பது பதிவாக வேண்டாம் என்று முடிவானது. சரியான எண் எதுவானாலும் சில்லு ஒரே செய்தியைத்தான் அனுப்புகிறது: திறந்தேன். அம்மா வந்தாலும் அதுதான், நான் ராத்திரி தாமதமாக வந்தாலும் அதுதான். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய எண்ணை எடுத்துவிடலாம், அதற்கு அவர் பெயரோடு வந்துபோன நேரங்கள் தேவையில்லை.

அக்கா ஊருக்குப் போகும் நாட்களில் அவருடைய தங்கை வேலைக்கு வருவார். தன் எண்ணையே தங்கைக்குச் சொல்லிவிடலாமா என்று அக்கா கேட்டார். தங்கைக்குத் தனியாகவே ஒன்று போட்டுவிடலாம் என்றேன். "அவளையே கேட்டுச் சொல்றேன், அவளுக்கு எது ஞாபகம் நிக்கும்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார்.