வெளுத்த விரல்

2021 மே. மகேந்திரகிரி ராக்கெட் மையம் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் திரவ ஆக்ஸிஜன் அனுப்பிக்கொண்டிருந்த மாதம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் வரிசை வேகமாக நகர்கிறது. விரலை நீட்டு, ஆக்ஸிமீட்டர் கவ்வும், எண் வரும், அடுத்த ஆள்.

முக்கூடல் அம்மாவிடம் வந்ததும் வரிசை நின்றது. எண் 81. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். இந்த எண்ணுக்கு ஆள் இப்படி நிற்க முடியாதே. வேறு விரலில் போட்டார். வெறும் கோடு.

"ஏளா, நீ சொல்லு," என்றார் அம்மா மகளிடம்.

"அம்மாவுக்கு ஸ்க்ளீரோடெர்மா, சிஸ்டர். வெரல்ல ரத்தம் சரியா ஓடாது. காதுல பாருங்க."

மினுமினுத்து இறுகிய தோல், பாதி மடங்கியே நிற்கும் விரல்கள். குளிர் பட்டால் நுனி வெளுத்து நீலம் பாயும். பீடி சுற்றிய கை. இலையின் நுனியை மடக்க இப்போது விரல் வளையாது. சானிடைசர் நுனிப் புண்ணில் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டார், சத்தமில்லை.

பக்கத்து நாற்காலியில் லூபஸ்காரப் பெண், கன்னத்தில் செம்மை. 2020 மார்ச்சில் கொரோனாத் தடுப்புக்கென்று சுகாதாரப் பணியாளர்களுக்கு ஐசிஎம்ஆர் பரிந்துரைத்ததுமே நாடே ஹைட்ராக்ஸிக்ளோரோகுயினைத் தேடியது. இவளுக்கு அது தினசரி மாத்திரை. "அப்போ வண்ணார்பேட்டை பூரா அலைஞ்சேன்க்கா, ஒரு அட்டை கெடைக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நர்ஸ் அம்மாவின் கைகளைத் தன் கையுறைக்குள் வைத்துத் தேய்த்தார். உள்ளேயிருந்து காதில் மாட்டும் கருவி வந்தது. 94. அம்மாவின் நோயுற்ற நுரையீரலுக்கு அது வழக்கமான எண்தான் என்றாள் மகள்.

ஆனால் இருமல்? புது சி.டி. படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கமெல்லாம் கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல் வெண்மை. கொரோனாவும் இப்படித்தான் காட்டும், ஸ்க்ளீரோடெர்மா பாதித்த நுரையீரலும் இப்படித்தான்.

"பழைய படம் இருக்கா?"

மகள் மஞ்சப்பையைத் திறந்தாள். 2019-இல் எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார் டாக்டர். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள், அவர் திரும்பவில்லை.

"புதுசா ஒண்ணும் தெரியல. இருந்தாலும் சளி டெஸ்ட் ரிசல்ட் வரட்டும். ஸ்டீராய்டை மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க."

"நிறுத்த மாட்டேன் சார்," என்றார் அம்மா. பிறகு மகளிடம், "பஸ்ஸும் ஓடலியே, ஊருக்கு எப்படிளா போக?"

"ஆட்டோ வெளிய நிக்கும்மா. வா."