பீங்கான் சூனியக்காரி

சேலம் என்றால் நமக்கு மாம்பழம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் சேலத்துக்குச் சூனியக்காரிதான் அடையாளம். போலீஸ் கார்களில்கூட துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரியின் படம்.

பாஸ்டனில் வசிக்கும் என் அண்ணன் மகள் அங்கிருந்து ஒரு பீங்கான் பொம்மை வாங்கி வந்தாள். கூம்புத் தொப்பி, வளைந்த மூக்கு, அடியில் 1692 என்ற எண். "கொலுவுல வைங்க அத்தை, தமாஷா இருக்கும்" என்றாள். நான் வைக்கவில்லை. அந்த எண் உறுத்தியது.

1692இல் அங்கே சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டி 14 பெண்களையும் 5 ஆண்களையும் தூக்கிலிட்டார்கள். வழக்குக்குப் பதில் சொல்ல மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். பிச்சையெடுத்துப் பிழைத்த சாரா குட்டின் மகளுக்கு வயது நான்கோ ஐந்தோ. அவளையும் சங்கிலியால் பிணைத்துச் சிறையில் வைத்தார்கள்.

முதலில் தூக்கில் ஏறியவர் பிரிஜெட் பிஷப். அவர் முன்பு குடியிருந்த வீட்டின் நிலவறைச் சுவரை இடித்தபோது ஊசி குத்திய கந்தல் பொம்மைகள் கிடைத்ததாக இரண்டு வேலையாட்கள் சாட்சி சொன்னார்கள். பொம்மையைச் சாட்சியாக்கிக் கொன்ற ஊர், இன்று கொல்லப்பட்டவர்களையே பொம்மையாக்கி விற்கிறது.

அதைவிட மோசம், அந்தப் பொம்மை சொல்லும் பொய். அங்கே சூனியக்காரிகள் இருந்தார்கள் என்று அது சொல்கிறது. இருந்ததோ அக்கம்பக்கத்தாரின் பயத்துக்கும் பகைக்கும் பலியான சாதாரண மனிதர்கள். அவர்களில் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் மீதிருந்த தீர்ப்பு 2022இல்தான் ரத்தானது.

ராஞ்சியில் பல வருடங்கள் குடித்தனம் நடத்திய எனக்கு இது தூரதேசத்துக் கதையல்ல. அங்கே அந்தச் சொல் 'டாயன்'. ஒரு விதவை, அவள் பெயரில் கொஞ்சம் நிலம், ஊரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். அவ்வளவு போதும். இந்த முத்திரை குத்தலைத் தடுக்க ஜார்க்கண்டில் 2001இலேயே சட்டம் வந்துவிட்டது. கொலைகள் நிற்கவில்லை.

அந்த மாநிலத்தின் சுட்னி மஹதோவும் டாயன் என்று பட்டம் கட்டி அடித்து விரட்டப்பட்டவர். தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றியதற்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்தேன். கூம்புத் தொப்பி இல்லை, வளைந்த மூக்கு இல்லை. புடவை கட்டிய, பக்கத்து வீட்டுப் பாட்டியின் முகம்.